கால் ஊன்றாதவருக்கே வண்டி

என் மருமகளுக்கும் இளைய மகனுக்கும் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து, ஒரே வீட்டில் இப்படியுமா என்று என்னிடம் கேட்கக் கூடாது. ஒரே வீட்டில்தான் இப்படி. அடுத்த தெருக்காரனோடு இவ்வளவு வன்மம் வைத்துக்கொள்ள யாருக்கு நேரம் இருக்கிறது?

சொல்ல வந்தது மருமகளைப் பற்றி. படகிலிருந்து இறங்கி, துறையின் மரப்பாலத்தைத் தாண்டி, மீன்கொட்டகையை மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்தால் வலது கைப் பக்கம் ஒரு பெரிய வாதாமரம் நிற்கும். மரத்துக்குப் பின்னால் எங்கள் வீடு. மரத்தடியில் ஐந்து ஸ்கூட்டர்கள். அவற்றுக்கு நடுவே, ஒரு கை உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியில், உலகமே தனக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது போல உட்கார்ந்திருப்பாளே, அவள்தான். நாற்பத்து நான்கு வயது. குள்ளம். குரல் மட்டும் ஆறடி.

அவள் இந்தத் தீவில் பிறந்தவள் அல்ல. கடலையே பார்க்காத ஊரிலிருந்து என் மூத்தவனைக் கட்டிக்கொண்டு வந்தாள். வந்த புதிதில் படகில் ஏறினாலே வாந்தி. மூத்தவன் சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பவன். ஆண்டுக்கு இரண்டு வாரம் வீட்டுக்கு வருவான், "சண்டை போடாதீங்க" என்று இரண்டு பக்கமும் சொல்வான், போய்விடுவான். அவன் அவளுக்கென்று விட்டுப்போனது ஒரே ஒரு பழைய ஸ்கூட்டர். யாரும் அவளுக்கு ஓட்டக் கற்றுத்தரவில்லை. என் இளையவனிடம் கேட்டாள். அவன், "அண்ணி, உங்களுக்கு மரம் எது ரோடு எதுன்னு தெரிஞ்சப்புறம் வாங்க" என்று சிரித்தான். அன்றைக்கு விழுந்தது முதல் விரிசல்.

அவள் தானே கற்றுக்கொண்டாள். வாதாமரத்தைச் சுற்றித்தான். நாள் முழுக்க மரத்தைச் சுற்றுவாள், விழுவாள், எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு மறுபடி சுற்றுவாள். வலது கெண்டைக்காலில் சைலன்சர் சுட்ட தழும்பு உள்ளங்கை அகலம் இன்றைக்கும் இருக்கிறது. விழுந்து விழுந்து அவள் கண்டுபிடித்த ஒரு விஷயம் உண்டு. அதை வைத்துத்தான் பிறகு, ஒரு வண்டியை ஐந்தாக்கி, தொழிலே நடத்தினாள்.

"வேகமா எந்த முட்டாளும் ஓட்டுவான் அத்தை. மெதுவா ஓட்டச் சொல்லுங்க. அப்ப வெளுத்துப்போகும் சாயம்."

அதனால் அவளிடம் ஸ்கூட்டர் வாடகைக்குக் கேட்டு வருகிறவர்கள் யாராக இருந்தாலும், மீசை எவ்வளவு பெரியதாக இருந்தாலும், முதலில் மரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட வேண்டும். நடக்கிற வேகத்தில். கால் தரையில் படக் கூடாது. பட்டால் சாவி கிடையாது. கெஞ்சினாலும் கிடையாது, கத்தினாலும் கிடையாது. "அதோ வேன் நிக்குது, போய் ஏறுங்க" என்று கையைக் காட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பாள். கடைப் பலகையில் மூத்தவன் 'ஸ்கூட்டர் வாடகைக்கு' என்று அழகாக எழுதிக் கொடுத்திருந்தான். அதன் கீழே இவள் கரியால் 'ஓட்டத் தெரிந்தால்' என்று கிறுக்கி வைத்தாள்.

ஒரு சமயம் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒருவர் வந்தார். தான் மலைப் பாதையில் எல்லாம் மோட்டார் சைக்கிள் ஓட்டியவன் என்றார். பாதி வட்டத்திலேயே இரண்டு காலையும் ஊன்றி, வாத்து நடப்பது போல நடந்து வந்தார்.

"மலையில ஓட்டினது நெசந்தான்" என்றாள் இவள். "இறக்கத்துல தானா உருண்டிருக்கும்."

இப்படிப் பேசினால் யாருக்குத்தான் பிடிக்கும்? பிடிக்க வேண்டும் என்று அவள் பேசுவதும் இல்லை.

வண்டிகளை மட்டும் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்வாள். கடல் காற்று இரும்பைத் தின்னும். காலையில் எழுந்ததும் ஐந்தையும் நல்ல தண்ணீரில் கழுவி, எண்ணெய்த் துணியால் துடைத்து, சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள். ஒவ்வொன்றுக்கும் பட்டப்பெயர். கிளப்பும்போது இருமுவது 'ஆஸ்துமா'. ஹார்ன் மட்டும் ஒழுங்காக இருப்பது 'வாயாடி'. கண்ணாடி எப்போதும் வெளிப்பக்கம் திரும்பிக்கொள்வது 'கோவக்காரி'. மற்ற இரண்டின் பெயரைச் சபையில் சொல்ல முடியாது.

அவள் இவ்வளவு கண்டிப்பாக இருந்ததற்குக் காரணம் எங்கள் சாலை. தீவைச் சுற்றி ஒரே ஒரு சாலைதான், நாற்பது கிலோமீட்டர். அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து நானே முழுச் சுற்றும் போயிருக்கிறேன், அதனால் சும்மா சொல்லவில்லை. துறையிலிருந்து சந்தை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி வரை நல்ல சாலை. பிறகு தென்னந்தோப்பு, மேலே பார்த்துக்கொண்டே போக வேண்டும். அப்புறம் கலங்கரை விளக்கம். அதற்கப்பால் இறக்கம். இறக்கத்தின் அடியில் சாலை சட்டென்று இடது பக்கம் ஒடியும். அந்த இடத்துக்குக் கழுத்து என்று பெயர். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் வெள்ளை மணல் கடற்கரை. ஊரிலேயே அழகான இடம் அதுதான். வருகிறவன் எவனும் அங்கேதான் கடலைப் பார்ப்பான். பார்க்கிற நேரத்தில் சாலையில் காற்று கொண்டுவந்து கொட்டிய மணல் இருக்கும். மணலில் முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி உங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் போய்விடும். மெதுவாக ஓட்டத் தெரிந்தவன் மட்டும்தான் கழுத்தைத் தாண்டுவான். அந்த வட்டத்தின் அர்த்தம் அதுதான்.

இனி இளையவன் கதை. அவன் வேன் ஓட்டுகிறான். பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சு, மேலே தகரக் கூரை, இறங்க வேண்டுமானால் இழுப்பதற்கு ஒரு கயிறு, கயிற்றின் முனையில் மணி. பன்னிரண்டு பேர் ஏறாமல் வண்டி நகராது. ஆளோடு கோழிக்கூடை, ஐஸ் பெட்டி, கேஸ் சிலிண்டர் எல்லாம் ஏறும். தீவுக்காரர்கள் எல்லோரும் அதில்தான் போவார்கள், அவனைத் திட்டிக்கொண்டே போவார்கள். முப்பத்தெட்டு வயதாகியும் பெண் அமையவில்லை. ஒருத்தி சரி என்று சொல்லிவிட்டு ஒருநாள் அவன் வேனில் ஒரு சுற்று போனாள். இறங்கியவள் நேராகப் படகுக்குப் போய்விட்டாள்.

அவன் நிறுத்தம் எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே. அதாவது மருமகள் கழித்துவிடுகிற ஆட்கள் எல்லாம் சாலையைக் கடந்து அவன் வண்டிக்குத்தான் போக வேண்டும். வேறு யாராவது என்றால், ஆள் கிடைத்தது போதும் என்று சந்தோஷப்படுவான். என் பிள்ளைக்கு அது குத்தியது.

"நல்லதெல்லாம் உங்களுக்கு, சொத்தை எல்லாம் எனக்கா?" என்று அங்கிருந்து கேட்பான்.

"சொத்தைக்குத்தானே பெஞ்சு போட்டு வச்சிருக்கு" என்று அவள் இங்கிருந்து சொல்வாள்.

தெருவில் நேருக்கு நேர் பேசிக்கொள்வார்கள், அதுவும் ஊர் கேட்க. வீட்டுக்குள் வந்தால் பேச்சு கிடையாது. முன்னறை அவளுக்கு, பின்னறை அவனுக்கு, நடுவில் சமையலறை, சமையலறையில் நான். எல்லாம் என் வழியாகத்தான் போய்வரும். தபால் நிலையத்துக்காவது ஞாயிற்றுக்கிழமை விடுமுறை உண்டு.

"அத்தை, வேன்காரர்கிட்ட சொல்லுங்க, டீசல் கையோட சோத்துப் பானையைத் தொட வேணாம்னு."

"அம்மா, கம்பெனி முதலாளியம்மாகிட்ட சொல்லு, பானை எங்க அப்பா வாங்கினது."

"பானைதான் அவங்க அப்பா வாங்கினது. உள்ள இருக்கற சோறு நான் வடிச்சது."

போன வருஷம் அவன் ஒரு காரியம் செய்தான். படகுத்துறை அலுவலகத்துக்குப் போய், ஸ்கூட்டர் வாடகைக்கு விடுவதால் ஆபத்து, உரிமத்தைப் பார்த்துக் கொடுங்கள் என்று மனு எழுதிக் கொடுத்தான். அவர்கள் பதிலுக்கு உரிமக் காகிதத்தில் ஒரு வரி சேர்த்தார்கள்: ஓட்டத் தெரியாதவருக்குத் தெரிந்தே வண்டி கொடுத்தால் உரிமம் போகும். மருமகள் அந்தக் காகிதத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினாள். "நான் ஏற்கெனவே செய்யறதைத்தான் எழுதியிருக்காங்க. உங்க பிள்ளை எனக்கு விளம்பரம் பண்ணியிருக்காரு அத்தை" என்றாள். அவனுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

அந்தக் காகிதம்தான் அவள் பிழைப்பு. அது போனால் ஐந்து வண்டியும் மரத்தடியில் துருப்பிடிக்க வேண்டியதுதான்.

நடந்தது ஒரு காலை நேரம். முதல் படகில் ஒரு புருஷன் பெண்சாதி வந்தார்கள். நகரத்துக்காரர்கள், புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள். அவன் நல்ல உயரம். காலில் அன்றைக்குத்தான் வாங்கியது போன்ற செருப்பு. மருமகள் ஆளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் செருப்பைத்தான் பார்ப்பாள். அவள் உதட்டைச் சுழித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் வாசற்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

அவன் 'வாயாடி'யில் ஏறி வட்டம் போட்டான். பாதி நன்றாகப் போனான். முக்கால் வட்டத்தில், வேர் புடைத்திருக்கிற இடத்தில், வண்டி ஒரு பக்கம் சாய, இடது காலை ஊன்றிவிட்டான். கட்டைவிரல் மட்டும்தான். ஆனாலும் ஊன்றியது ஊன்றியதுதான். மருமகள் கையைத் தூக்கி வேனைக் காட்டப் போனாள்.

அந்த நேரம் பார்த்து எதிர்ப் பக்கத்திலிருந்து என் பிள்ளை ஹார்னை நீளமாக அடித்தான். வேனில் பத்துப் பேர் ஏறி, வெயிலில் வெந்துகொண்டிருந்தார்கள்.

"அண்ணி! சொத்தை ரெண்டும் ரெடியா? சீக்கிரம் தள்ளி விடுங்க! ரெண்டு சீட்டுக்குத்தான் நிக்கிறேன்!"

வேனில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தப் பையனுக்குக் காது வரை சிவந்துவிட்டது. தூக்கிய கையை மருமகள் அப்படியே கீழே இறக்கினாள். சாவியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"போயிட்டு வாங்க. கழுத்துகிட்ட மட்டும் பார்த்து" என்றாள்.

பதினெட்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. நான் கீரையைக் கீழே போட்டேன். "ஏம்மா, கால் பட்டுச்சே" என்றேன். "உங்களுக்குக் கண்ணு சரியில்லை அத்தை" என்றாள், என்னைப் பார்க்காமலே. என் கண் நன்றாகத்தான் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

பதினொரு மணிக்கு வேன் திரும்பி வந்தது. வழக்கமாக வரும் நேரம் அல்ல. ஆட்களும் இல்லை. கூரைமேல் 'வாயாடி' கயிறு போட்டுக் கட்டியிருந்தது, முன்பக்கம் கோணிக்கொண்டு. இளையவன் இறங்கி வந்து, உடைந்த பக்கக் கண்ணாடியை அவள் மடியில் வைத்தான்.

"கழுத்துல கெடந்தாங்க. அவனுக்குக் கணுக்கால் ரெண்டா போச்சு. பொண்ணுக்கு முழங்கை. ஏத்தியிருந்த பன்னெண்டு பேரையும் தோப்புல இறக்கி விட்டுட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்."

அவள் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அவன் கால் ஊன்றினதை நான் பார்த்தேன் அண்ணி. வேன்ல இருந்த பத்துப் பேரும் பார்த்தாங்க. எங்கே தள்ளி விட்டிருக்கணுமோ அங்கே தள்ளி விட்டிருந்தா, இப்ப ரெண்டு பேரும் என் பெஞ்சுல உட்கார்ந்து வாந்தி எடுத்திட்டிருப்பாங்க."

அவள் கண்ணாடியை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தாள். ஆஸ்துமாவைக் கிளப்பிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். பின்னால் நானும் ஏறிக்கொண்டேன். அவள் வேண்டாம் என்றாள், நான் இறங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவனை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். வராந்தா பெஞ்சில் அந்தப் பெண் முழங்கைக் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். செருப்பில் ஒன்றைக் காணோம். மருமகளைப் பார்த்ததும் அழவில்லை, கத்தவில்லை. அதுதான் மோசம்.

"அவர் காலை ஊன்றினாரு. நீங்க பார்த்தீங்க. வேண்டாம்னு சொல்லப் போறீங்கன்னுதான் நான் நினைச்சேன். நிம்மதியாகூட இருந்துச்சு. அப்புறம் ஏன் குடுத்தீங்க?"

வாய்க்கு வாய் கொடுக்கத் தெரிந்தவள், ஊரையே வாயால் மடக்குகிறவள், அங்கே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பதில் தெரியும். வேன்காரன் கேலி பண்ணினான், அதனால் கொடுத்தேன் என்று அவளால் எப்படிச் சொல்ல முடியும்? சொன்னால் யாருக்குப் புரியும்? எங்கள் வீட்டுக்காரர்களால் மட்டும்தான் செய்ய முடிகிற தப்பு அது.

சாயங்காலம் போலீஸ்காரர் ஒருவர் வந்து, மறுநாள் காலை பத்து மணிக்கு அவளும் சாட்சியாக இளையவனும் நிலையத்துக்கு வர வேண்டும் என்று சொல்லிப் போனார். போகும்போது சுவரிலிருந்த உரிமக் காகிதத்தைக் கண்ணாடியோடு கழற்றி எடுத்துக்கொண்டார். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

நான் பின்னறைக்குப் போனேன். இளையவன் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். நேற்று வரைக்கும் அவன் ஆசைப்பட்டது இதற்குத்தானே? ஆனால் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"என்னடா சொல்லப் போற?"

"பார்த்ததைச் சொல்லுவேன்."

"ஒரே உலைச் சோறு தின்னுட்டு அண்ணன் பொண்டாட்டி பொழைப்புல மண்ணைப் போடப் போறியா?"

"மண்ணு நான் போடலைம்மா. கழுத்துல அதுவே கெடந்துச்சு." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "ஒண்ணு பண்ணச் சொல்லு. இங்க வந்து, தம்பின்னு ஒரே ஒரு தடவை கூப்பிட்டு, கேட்கச் சொல்லு. நான் பார்க்கலை, டயர் பார்த்துக்கிட்டு இருந்தேன்னு சொல்லிடறேன். மத்தவங்களை எல்லாம் யாரும் கூப்பிடலை. என் ஒரு வார்த்தைதான்."

நான் முன்னறைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனேன். அவள் உடைந்த கண்ணாடியின் சில்லுகளைத் தாளில் மடித்துக்கொண்டிருந்தாள்.

"தம்பின்னு கூப்பிடணுமாமா?"

"ஒரு தடவைதானேம்மா. நாக்கு தேஞ்சா போயிடும்?"

"அவரு என்னைப் பார்த்து, மரம் எது ரோடு எதுன்னு கேட்ட அன்னைக்கே அந்த வார்த்தை போயிடுச்சு அத்தை. இன்னைக்கு அவரு பொய்யில நான் பொழைச்சா, நாளைக்குச் சோறு போடும்போதெல்லாம் அந்தப் பொய்யையும் சேர்த்து இல்ல போடணும்? வேணாம். சொல்லட்டும். நல்லா சொல்லட்டும்."

"காகிதம் போயிடுமே."

"போகட்டும்" என்றாள். தாளை இன்னும் அழுத்தி மடித்தாள். சில்லு கிழித்து விரலில் ரத்தம் வந்தது. அதையும் நான் சொன்ன பிறகுதான் பார்த்தாள்.

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்கள். எங்கள் வீட்டு முயல்களுக்குக் காலே கிடையாது. நான் அன்றைக்கு இரண்டு பேருக்கும் சோறு போடவில்லை. பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் மூன்று பேரும் நிலையத்துக்குப் போனோம். அவள் நடந்து போனாள், அவன் வேனில் போனான், நான் வேனில் முன்னால் உட்கார்ந்துகொண்டேன். என் முட்டி நடக்க விடாது, கட்சி சேர்ந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நிலையம் என்றால் இரண்டு அறைதான். மின்விசிறி சுற்றும்போது ஒரு பல் விழுந்தவன் பேசுவது போலச் சத்தம் வரும். அதிகாரி வயதானவர். மேசைமேல் உரிமக் காகிதம் கண்ணாடிக்குள்ளே மல்லாந்து கிடந்தது.

அவர் இளையவனைப் பார்த்து, "நீதானே எதிரே இருந்தது? என்ன பார்த்தே?" என்று தொடங்கினார்.

அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் எழுந்து நின்றாள்.

"அவரைக் கேட்க வேணாம் ஐயா. நான் சொல்றேன். அந்தப் பையன் காலை ஊன்றினான். முக்கால் வட்டத்துல, இடது கால். நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் சாவியைக் குடுத்தேன்."

என் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இலையில் வைத்த சோற்றைக் காக்கை தூக்கிக்கொண்டு போனது போல விழித்தான். முந்தின நாளிலிருந்து கையில் வைத்திருந்தது அந்த ஒரு வார்த்தைதான். அதை அவள் பிடுங்கி மேசைமேல் போட்டுவிட்டாள். அடக்க முடியாமல் அவனும் எழுந்தான்.

"இல்லை ஐயா. ஊன்றலை."

"என்னது?"

"ஊன்றலை. நான் எதிரேதான் நின்னேன். நல்லா பார்த்தேன். முழு வட்டமும் சுத்தமா போட்டான். இவங்களுக்கு அடிபட்டவங்களைப் பார்த்து மனசு கலங்கிப்போச்சு, என்னமோ பேசறாங்க."

"பொய் சொல்றாரு ஐயா!" என்றாள் அவள். "அவரு கண்ணு முன்னால ஊன்றினான். வெளிய வந்து கேளுங்க, ஊரே சொல்லும்!"

"ஊரு என்ன சொல்லும்? நான் சொல்றேன், ஊன்றலை!"

"ஊன்றினான்!"

"ஊன்றலை!"

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "இருங்க, இருங்க. போன வருஷம் இவங்க மேல மனு குடுத்தது நீதானே?"

"ஆமாங்க."

"இப்ப இவங்களுக்காகப் பேசறே."

"அவங்களுக்காக இல்லைங்க. பார்த்ததைச் சொல்றேன்."

"ஏம்மா, அவரு காப்பாத்தறாரு. நீங்க ஏன் குழியில குதிக்கறீங்க?"

"அவரு காப்பாத்த வேணாம்னுதான் குதிக்கறேன்."

அவர் என்னைப் பார்த்தார். "பாட்டி, உங்க வீட்ல யாரு யாருக்கு எதிரி?"

"முறை போட்டிருக்காங்க ஐயா" என்றேன். வேறு என்ன சொல்வது?

கடைசியில் அவர் அவள் சொன்னதைத்தான் எழுதினார். தன் கழுத்துக்குத் தானே கயிறு கொண்டுவருகிறவள் பொய் சொல்ல மாட்டாள் என்பது அவர் கணக்கு. ஆனால் தானாக ஒப்புக்கொண்டதற்காக உரிமத்தை ஒரேயடியாக ரத்து செய்யவில்லை. ஆறு மாதம் கடை மூடல். ஆறு மாதம் கழித்துத் துறை அலுவலகம் மறுபடி பார்த்து முடிவு செய்யும். கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம். அவள் கையெழுத்துப் போட்டாள். விரலில் கட்டியிருந்த துணி காகிதத்தில் உரசிக்கொண்டே போயிற்று.

வெளியே வந்ததும் அவள் நேரே அவனிடம் போனாள். "உன்னை யாரு பொய் சொல்லச் சொன்னது?"

"நீங்க கேட்டிருந்தா மரியாதையா சொல்லியிருப்பேன். கேட்கலை. அதனால மரியாதையில்லாம சொன்னேன்."

"என் கால் தூசுக்கு ஆவியா நீ?"

"தூசு தட்டறதுதானே இனிமே ஆறு மாசத்துக்கு உங்களுக்கு வேலை, அண்ணி!"

நான் நடுவில் புகுந்து, இரண்டு பேர் முதுகிலும் ஆளுக்கு ஒன்று வைத்தேன். நிலைய வாசலில் நின்றிருந்த போலீஸ்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடிபட்ட பையனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் படகில் கொண்டுபோன அன்று, மருமகள் துறைக்குப் போய் நின்றாள். அவன் படுக்கையிலிருந்து கையை ஆட்டினான். அந்தப் பெண் ஆட்டவில்லை. மருமகளும் அதை எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை. படகு மறையும் வரை நின்றுவிட்டு வந்தாள். வந்து, கிளம்ப முடியாதபடி ஐந்து வண்டியிலும் பிளக்கைக் கழற்றினாள். பிறகு ஆஸ்துமாவுக்கு மட்டும் திருப்பி மாட்டினாள். வாடகைக்கு விடத்தான் தடை, அவள் ஓட்டத் தடை இல்லை.

இப்போது நான்கு மாதம் ஆகிறது. தினமும் விடிந்ததும் நீளத் துடைப்பம் ஒன்றையும் தட்டையான மண்வெட்டி ஒன்றையும் ஆஸ்துமாவின் பின்னால் கட்டிக்கொண்டு கழுத்துக்குப் போகிறாள். வளைவில் காற்று கொட்டிய மணலைக் கூட்டித் தள்ளுகிறாள். மறுநாள் காற்று மறுபடி கொட்டுகிறது. இவள் மறுபடி கூட்டுகிறாள். யாரும் சொல்லவில்லை, எவரும் கேட்கவுமில்லை. "அலுவலகத்துல பார்த்துக் காகிதம் தருவாங்கன்னா செய்யற?" என்று ஒருநாள் கேட்டேன். "அவங்க ஆபீசுல உட்கார்ந்துகிட்டுக் கழுத்தை எங்க பார்க்கப் போறாங்க?" என்றாள். அதற்கு மேல் கேட்டால் துடைப்பம் என் பக்கம் திரும்பும்.

போன வாரம் சந்தைக்குப் போக நான் வேனில் ஏறினேன். இளையவன் சந்தையில் நிறுத்தாமல் முழுச் சுற்றும் சுற்றிக்கொண்டு போனான். ஏன் என்று அப்போது கேட்கவில்லை. இறக்கத்தில் வரும்போதே அவள் தெரிந்தாள், முந்தானையைத் தலையில் சுற்றிக்கொண்டு, நட்ட நடுச் சாலையில், முதுகைக் காட்டியபடி. அவன் வேனை நிறுத்தி ஹார்ன் அடித்தான். அவள் நகரவில்லை. மறுபடி அடித்தான்.

"ரோடு என்ன உங்க வீட்டு வாசலா?" என்று தலையை நீட்டிக் கத்தினான்.

"ஆமா. செருப்பைக் கழட்டிட்டு வா" என்றாள், திரும்பாமலே.

பெஞ்சிலிருந்த பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் அவசரப்படவில்லை. பாறை ஓரத்திலிருந்து தொடங்கி, ஒரு கோடு கூட விடாமல், கடல் பக்கம் வரை கூட்டி முடித்தாள். பிறகு கடைசிக் குவியலை மண்வெட்டியில் அள்ளி, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, வேனின் ஓட்டுநர் ஜன்னல் பக்கமாக உதறினாள். அவன் கண்ணாடியை ஏற்றுவதற்குள் வாயெல்லாம் மணல். எனக்கும்தான். த்தூ த்தூ என்று துப்பிக்கொண்டே அவன் வண்டியை எடுத்தான். வளைவில் சக்கரம் வழுக்கவே இல்லை.